என் மகள் கடலைப் பார்த்துத்தான் நடப்பாள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நான் மேடை ஏறியதிலிருந்து கைக்கடிகாரத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அமர்ந்திருக்கும் புனித பேதுரு சபையின் தலைவர் தோன் அபெலார்தோ பான்டா அவர்களே, ஜூன் மாதத் தூறலில் அங்கி நனைய நடந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வலை இழுத்து இழுத்து வரி விழுந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் மீனவப் பெரியவர்களே, விடியலில் மீன் வெட்டி, வெயிலில் பிள்ளை வளர்த்து, பொழுது சாய்ந்ததும் எங்களையும் சேர்த்து மேய்க்கும் தாய்மார்களே, சாம்பிராணிப் புகையால் சாமிக்கு வழி திறக்கும் பன்னிரண்டு தூபப் பெண்களே, சப்பரம் சுமந்து தோள் காய்த்துப்போன என் சகோதரச் சுமைகாரர்களே, கடைசி வரிசையில் வறுத்த சோளம் கொறித்துக்கொண்டு, இவன் எப்போது உளறுவான் என்று ஆவலோடு காத்திருக்கும் கார்சாக் கரையின் இளைஞர் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் எவரிஸ்தோ புரிசாகாவின் அடக்கமான மாலை வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவன். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் சந்தையிலிருந்து படகுத்துறைக்கு மூன்று நடை அடித்துவிடுவேன். பேச்சில் அந்த வேகம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்தப் பத்து நிமிடம்? மன்னிப்புக் கேட்பதற்காக.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பேதுரு திருநாளன்று, சப்பரத்தின் முன்தண்டைத் தோளில் தாங்கி, கையில் மணியோடு தலைமைச் சுமைகாரனாக நின்றவன் நான். கடலுக்குள் முழங்கால் ஆழத்தில் வைத்து அந்தத் தண்டை விட்டுவிட்டு ஓடினேன். சப்பரம் சாய்ந்தது. சாமியின் சுண்டுவிரல் உடைந்தது. அன்றோடு என் பெயரும் உடைந்தது. ஊரில் எனக்கு இப்போது 'சாமியைச் சாய்த்தவன்' என்று பெயர். என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள்கூட, "தேவாலயத்துக்குப் போகணும் மாமா, சாய்க்காமக் கொண்டுபோய்ச் சேத்துரு" என்கிறார்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன். இறக்கிவிட்ட பிறகு.

சபையில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஊர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டால் மணி மறுபடியும் என் கைக்கு வரும். போன ஆண்டு துக்கத்துக்காகச் சப்பரம் கடலுக்குப் போகவில்லை. இந்த ஆண்டு போகிறது. இன்னும் மூன்று நாள்தான். அதனால் கேட்கச் சொன்னார்கள், கேட்க வந்திருக்கிறேன். ஆனால், அவையோரே, அவர்கள் எதிர்பார்க்கும் மன்னிப்பை நான் கொண்டுவரவில்லை. என்னிடம் இருப்பது வேறு மன்னிப்பு. அதைக் கேட்க வேண்டிய ஆளும் வேறு.

என்ன, தலைவரே? ஆமாம், எழுதிக் கொடுத்த தாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அன்று நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் எல்லோரும் கரையிலிருந்து பார்த்தீர்கள். நான் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள்.

நம் தூபப் பெண்கள் எப்படி நடக்கிறார்கள்? சாமிக்கு முன்னால் நடக்கிறார்கள். ஆனால் சாமியைப் பார்த்தபடி நடக்கிறார்கள். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் தேவாலய வாசலிலிருந்து பின்னோக்கியே நடக்கிறார்கள். தெருவில் அது அழகு. மணலில் அது அழகு. தண்ணீர் தொட்டதும் அது என்ன? சாமியைப் படகேற்றக் கடலில் இறங்கும்போது முதலில் இறங்குவது யார்? அவர்கள். எப்படி இறங்குகிறார்கள்? முதுகு கொடுத்து. யாருக்கு முதுகு? அலைக்கு. கணுக்கால் வரை நீளும் பாவாடை, தோள் மறைக்கும் போர்வை, இரண்டு கையிலும் தூபக்கலசம், வாயில் பாட்டு, முகம் சாமிக்கு, முதுகு சமுத்திரத்துக்கு. பசிபிக் பெருங்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நடக்கிற கூட்டம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? ஒரு நண்டுகூட அப்படி நடக்காது. பக்கவாட்டில் நடக்கும், ஆனால் இரண்டு கண்ணையும் தூக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கும்.

அன்று துறையில் சிவப்புக் கொடி ஏறியிருந்ததா, இல்லையா? ஏறியிருந்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து முந்தின நாளே ஆள் வந்து, பெரிய அலை வருகிறது, யாரும் இறங்காதீர்கள் என்று சொன்னார்களா, இல்லையா? சொன்னார்கள். நாம் என்ன சொன்னோம்? "கொடி படகுக்குத்தான், சாமிக்கா கொடி?" என்றோம். அதைச் சொன்னது யார் என்று தலைவரைப் பார்க்காதீர்கள். அவரும் சொன்னார். அவரைவிடச் சத்தமாக நான் சொன்னேன்.

நாம் துறைக்கு வந்தபோது கடல் எப்படி இருந்தது? குளம் மாதிரி இருந்தது. "பாத்தியா, பேதுரு வந்ததும் அடங்கிருச்சு" என்று என் காதருகே ஒரு பெரியவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். கடல் அடங்கவில்லை, ஐயா. பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் மறு கூட்டத்துக்கும் நடுவே பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் வந்து நின்றுகொண்டு, கடல் நமக்காக அடங்கிவிட்டது என்று நினைத்தோம். ஓர் இருபது நிமிடம் மணலில் நின்று கடலைப் பார்க்கப் பொறுமை இருந்ததா நமக்கு? சாராயக் கடை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்பவர்கள் நாம்.

இன்னொன்றும் கேளுங்கள். இருபக்கமும் அலை நுரைத்து உடைகிறது, நடுவில் மட்டும் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் உடையாமல் வழவழப்பாகக் கிடக்கிறது. படகு இறக்குவதும் அங்கேதான், சாமியை இறக்குவதும் அங்கேதான், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் அங்கேதான். அலை இல்லாத இடம் ஆபத்தில்லாத இடம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப்போகிற வழி அது. அதனால்தான் படகு அங்கே சுலபமாக வெளியே போகிறது. படகை இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர் பிள்ளையை விட்டுவிடுமா?

சரி, நான் நின்ற இடத்துக்கு வாருங்கள்.

சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு பதினாறு பேர் நிற்கிறோம். பதினாறு பேருக்கும் முகம் கடலைப் பார்த்து. எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பெண்கள், தொடையளவுத் தண்ணீரில், முகம் எங்களைப் பார்த்து. முதல் வரிசை நடுவில் தொமித்திலா. லிசாந்த்ரோவின் மனைவி, மீன் வெட்டுவதில் இந்தக் கரையே அவளுக்கு ஈடில்லை. புகைக்கு நடுவே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், என் தலைப்பாகை கழன்று தொங்குகிறது என்று காட்டுவதற்காக. அவள் தோளுக்கு மேலே, தூரத்தில், ஒரு கோடு கறுத்தது. அந்தக் கோடு உயர்ந்தது.

நான் பார்த்தேன்.

ஒன்று. பாட்டு மூன்றாவது அடியில் இருக்கிறது, இப்போது கத்தினால் பாட்டு கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

இரண்டு. கத்தி, அலை சின்னதாக வந்து உடைந்துவிட்டால், நாளைக்கு ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன்.

மூன்று. தலைவர் இருக்கிறார், தந்தை இருக்கிறார், அவர்கள் சொல்லட்டுமே என்று நினைத்தேன்.

கையில் மணி இருந்தது, அவையோரே. அதை ஆட்ட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் அலை வந்துவிட்டது. பதினொரு பெண்கள் உருண்டு புரண்டு கரையில் விழுந்தார்கள். தொமித்திலாவைத் திரும்பிப்போன தண்ணீர் அந்த வழவழப்பான வழியே இழுத்துக்கொண்டது. அப்போதுதான் தண்டை விட்டுவிட்டு ஓடினேன். சாமி சாய்ந்தார். வீரன் ஓடினான் என்று நினைக்காதீர்கள். கடலோரத்தில் பிறந்து நாற்பத்தேழு ஆண்டுகள், எனக்கு நீச்சல் தெரியாது. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, வெளியே சொல்ல மாட்டார்கள். பத்தடி போனேன், காலடியில் மணல் இல்லை. நனைந்த அங்கி ஈய உடுப்பு மாதிரி கனத்தது. கரையைப் பார்த்துக் கையைக் காலை அடித்தேன். அடிக்க அடிக்கக் கரை பின்னால் போனது. இரண்டு மடக்கு உப்புத் தண்ணீர், ஒரு மடக்கு பயம். மூன்றும் உள்ளே போனது.

கரையில் நின்ற நூறு பேரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் புத்தி வேலை செய்தது. இர்மா அக்கா. அவர் தண்ணீரில் குதிக்கவில்லை. காலியான எண்ணெய்க் கேன் ஒன்றை வலைக்கயிற்றில் கட்டி என்னைப் பார்த்து வீசினார். வீசிக்கொண்டே கத்தினார். என்ன கத்தினீர்கள், அக்கா? இந்த மேடையில் சொல்லலாமா? சொல்லிவிடுகிறேன்.

"எருமை, அதை எதுத்து நீந்தாத. மல்லாந்து கெட. கையத் தூக்கு. இழுத்துக்கிட்டுப் போனாப் போவட்டும், தானா விடும்."

ஒரு பெண் சொன்னதை எதிர்ப்பேச்சுப் பேசாமல் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான்காம் வரிசையில் என் மனைவி தலையாட்டுகிறாள், பாருங்கள். கேனைக் கட்டிப்பிடித்து மல்லாந்து கிடந்தேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. அலை உடைகிற வரியைத் தாண்டியதும் இழுப்பு தளர்ந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் காலை உதைத்து நகர்ந்தேன். நுரை உடைகிற இடத்துக்கு வந்ததும் அலையே என்னை வாரி மணலில் போட்டது. கரையை நோக்கி நீந்தி நான் பிழைக்கவில்லை. நீந்துவதை விட்டதால் பிழைத்தேன்.

தொமித்திலாவுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அவள் வலுவான பெண். கரையைப் பார்த்தே அடித்தாள், வலு இருந்தவரைக்கும் அடித்தாள். கேன் ஒன்றுதான் இருந்தது. அது அவளுக்குப் போக வேண்டிய கேன். நடுவே நான் போய் மிதந்தேன். காப்பாற்ற ஓடியவன் அவளுக்கான கேனைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன். இரண்டு நாள் கழித்துப் படகுத்துறைத் தூண்களுக்கு நடுவே அவளைக் கண்டெடுத்தோம்.

இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

பேதுருவிடம் அல்ல. அவருடைய சுண்டுவிரலைப் பசையால் ஒட்டியாகிவிட்டது. சபையிடமும் அல்ல. லிசாந்த்ரோ, உன்னிடம் கேட்கிறேன். நான் அலையைப் பார்த்தேன். மூன்று எண்ணுகிற நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சாமியைச் சாய்த்ததற்கு ஊர் சிரித்தது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடு.

என்ன, லிசாந்த்ரோ? உரக்கச் சொல். யாராவது அவனுக்கு ஒலிவாங்கியைக் கொடுங்கள்.

"தெரியும், மச்சான். நானும் பாத்தேன். சாமிய ஏத்திக்கப் படகுல நின்னுக்கிட்டிருந்தேன், அலை என் படகுக்கு அடியிலதான் போச்சு. படகு தூக்கினப்பவே தெரிஞ்சுபோச்சு. கத்தணும்னு வாயத் தொறந்தேன். பாட்டு நடக்குதேன்னு மூடிட்டேன். என் பொண்டாட்டிதான் முன்னால நிக்கிறான்னு தெரிஞ்சும் மூடிட்டேன். நீ மட்டும் இல்ல. உக்காரச் சொல்லாதீங்க, நான் நின்னுக்கிட்டே கேக்குறேன். நீ பேசு."

கேட்டீர்களா? பதினாறு சுமைகாரர்கள் பார்த்தோம். படகில் இருந்தவன் பார்த்தான். தாளம் தவறக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடினோம். பார்க்க முடியாத நிலையில் நின்றவர்கள் அந்தப் பன்னிரண்டு பெண்கள் மட்டும்தான். அவர்களை அப்படி நிறுத்தியது யார்? அலையா? நாம்.

இந்த ஆண்டு தொமித்திலா நின்ற இடத்தில், முதல் வரிசை நடுவில், நிற்கப்போவது என் மகள் மகாலி. பத்தொன்பது வயது. பாவாடை தைத்தாகிவிட்டது. நேற்று என் ஆட்டோவின் பின்கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் உட்கார்ந்து பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். துறைமுகத்திலிருந்து நேற்றே மறுபடியும் எச்சரிக்கை வந்திருக்கிறது, பெரிய அலை ஐந்து நாள் நீடிக்குமாம். சபையின் முடிவு என்ன? "வழக்கம்போல நடக்கும்." வழக்கம்போல என்றால் எந்த வழக்கம்? கொடியைக் கும்பிட்டுவிட்டுக் கடக்கிற வழக்கமா? கத்த வேண்டிய நேரத்தில் பாடுகிற வழக்கமா?

தலைவர் அவர்களே, கைக்கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள், பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடம். ஏதோ கேட்கிறீர்கள், அவைக்குக் கேட்கட்டும், உரக்கவே கேளுங்கள்.

"அப்போ என்ன பண்ணச் சொல்ற, எவரிஸ்தோ? பொம்பளைங்க சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடக்கணுங்கறியா? எங்க அப்பா காலத்துல நடந்திருக்கா இது? சாமி முகத்தப் பாத்துச் சொல்லு."

சொல்கிறேன். சாமி முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். எங்கே சாமி? திருநாளுக்காக அலங்கரித்து இந்த மேடையில் வைத்திருக்கிறார்கள். மேடையின் பின்பக்கத்தில். இதோ, எனக்குப் பின்னால். உங்களுக்கும் பின்னால், தலைவரே. நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். வரவேற்புரை நடந்தது, அறிக்கை வாசித்தீர்கள், தந்தை ஆசி கூறினார், மூன்று பேர் மாலை போட்டுக்கொண்டார்கள். இரண்டரை மணி நேரமாக இந்த மேடை முழுவதும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், தலைவரே, கழுத்து சுளுக்கிக்கொள்ளும். கோபமாகவா இருக்கிறார்? நம் பேதுரு மீன் பிடித்தவர். கடல் தெரிந்தவர். மேடையில் நாம் முதுகு காட்டினால் பொறுத்துக்கொள்கிற சாமி, உயிருக்காக ஒரு பெண் முதுகு காட்டினால் கோபித்துக்கொள்வாரா? அப்படிக் கோபிக்கிற சாமியை நான் சுமந்ததில்லை. நான் சுமந்தவரின் கனம் எனக்குத் தெரியும். அவர் அவ்வளவு சின்னவர் இல்லை.

ஆகவே சொல்கிறேன். தெருவில் சாமியைப் பார்த்து நடக்கட்டும். மணல் தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு பெண்களும் திரும்பட்டும். கடலுக்கு முகம் காட்டி, கண்ணைத் திறந்து நடக்கட்டும். இருபது நிமிடம் நாம் எல்லோரும் நின்று கடலைப் பார்ப்போம், பிறகு காலை நனைப்பதா வேண்டாமா என்று பேசுவோம். இருபக்கமும் கயிறு கட்டிய காலிக் கேன்கள் இருக்கட்டும், ஒன்றல்ல, இருபது. அவற்றுக்குப் பொறுப்பாக இர்மா அக்கா இருக்கட்டும், திட்டுவதற்கும் சேர்த்து. அலையைப் பார்த்தவன் கத்தட்டும். பாட்டு பாதியில் நின்றால் நிற்கட்டும், மறுபடி முதல் அடியிலிருந்து பாடிக்கொள்ளலாம், பாட்டு மூழ்கிச் சாவதில்லை. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் சாமி உலர்ந்த மணலிலேயே நிற்பார், கடலை அங்கிருந்தே ஆசீர்வதிப்பார். அவருக்குக் கை நீளம்.

முடியாது என்கிறீர்களா? அப்படியானால் மணியை வேறு யாருக்காவது கொடுங்கள். தண்டையும் கொடுங்கள். இந்தத் தோள் ஆட்டோவின் கைப்பிடியைத் தாங்கும், அரிசி மூட்டையைத் தாங்கும், 'சாய்த்தவன்' என்ற பெயரை இன்னும் இருபது ஆண்டு தாங்கும். என் மகளைக் கண்ணைக் கட்டாத குருடியாக்கிக் கடலுக்குள் தள்ளுகிற சப்பரத்தை இந்தத் தோள் தாங்காது. என் மகள் கடலைப் பார்த்துத்தான் நடப்பாள். சபை விலக்கினாலும் சரி, ஊர் விலக்கினாலும் சரி, நான் இதிலிருந்து ஓரடி பின்னால் வைக்க மாட்டேன்.

யார் அது எழுந்திருப்பது? மகாலியா? கூட்டத்தில் அப்பாவை இடைமறிக்கலாமா? சரி, சொல்லம்மா.

"அப்பா, தண்ணி குடிச்சுட்டு உக்காரு. நேத்து சாயங்காலமே இர்மா அத்தை வீட்டுல நாங்க பன்னெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. மணல்ல காலு வச்சதும் திரும்பிருவோம். கொடி ஏறியிருந்தாத் தண்ணிப் பக்கமே வர மாட்டோம். ஒத்துக்கலைன்னா இந்த வருசம் சாம்பிராணி கெடையாது, தலைவர் மாமாவே புகை போட்டுக்கட்டும். நீ தூக்கினாலும் இதுதான், தூக்கலைன்னாலும் இதுதான்."

அதை நேற்றே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, மகளே?

"சொல்லியிருந்தா நீ மேடை ஏறியிருக்க மாட்டியே."

அவையோரே, இதற்குமேல் என்ன பேசுவது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் உரையைத் தயாரித்து வந்தேன். நான் உடைக்க வந்த கதவு நேற்றே திறந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வரும், அதில் வருத்தமில்லை. பாருங்கள், பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். லிசாந்த்ரோ நின்றுகொண்டேதான் இருக்கிறான். அவன் ஏதோ சொல்கிறான்.

"கொடி ஏறியிருந்தா என் படகு மணல விட்டு அசையாது. எழுதிக்குங்க."

எழுதிக்கொள்ளுங்கள், செயலாளரே. தலைவர் அவர்களே, நீங்கள் தலைகுனிந்து யோசிப்பதை மரியாதையோடு பார்க்கிறேன். தொமித்திலா உங்கள் அக்கா மகள்தானே. அவசரப்படாதீர்கள், இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

என்னைப் பேச அழைத்த சபைக்கு நன்றி. கேனை வீசிய கைக்கு நன்றி. நின்றபடி உண்மை சொன்ன நண்பனுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி, சிரிப்பை நிறுத்தியவர்களுக்கு அதைவிட நன்றி. இருபத்தொன்பதாம் தேதி காலையில் மணலில் சந்திப்போம். சாயங்காலம் எல்லோரும், ஓர் ஆள் குறையாமல், அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். வணக்கம்.